டம்ளர் வரிசை

"நாப்பது பிள்ளைங்களுக்கு நாப்பது பாடமா? நீ டீச்சரா வந்தியா, பந்தி பரிமாற வந்தியா?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமையாசிரியை பிலோமினா மேடம் என்னை இப்படிக் கேட்டார். பதிலுக்காக நிற்கவில்லை. கையிலிருந்த குடையால் ஜன்னல் கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வகுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போதுதான், அவர் என் வேலையைச் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. பந்தியில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். ஆனாலும் நன்றாகப் பரிமாறுகிறவர் இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வருவார். சோறு குவிந்திருக்கும் இலையில் மேலும் கொட்ட மாட்டார். ரசத்துக்குப் போய்விட்டவரிடம் சாம்பார் வாளியை நீட்ட மாட்டார். ஆமாம் மேடம், பரிமாறத்தான் வந்திருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். இந்தக் கோடை விடுமுறையோடு விலகிவிட்டேன். ஓய்வு பெறுகிற வயதில்லை, முப்பத்து நான்குதான். விலகும் முன், என் வகுப்பை எடுத்துக்கொள்ளப் போகிற ஷாலினி ஒரு கேள்வி கேட்டாள். பள்ளியில் இப்போது பிள்ளைகளுக்கு டேப்லெட் வந்திருக்கிறது. பிள்ளை எவ்வளவு படித்திருக்கிறதோ அதற்கு ஏற்றபடி அதுவே கணக்குக் கொடுக்கிறது. "அக்கா, இதெல்லாம் இல்லாம நாப்பது பேர எப்படி மேய்ச்சீங்க?" என்று கேட்டாள். இடைவேளை மணி அடித்துவிட்டதால் அன்று பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. அம்மா, பள்ளி இருக்கிற அதே ஸ்ரீராம்புரத்தில் தெரு கூட்டும் மாநகராட்சித் தொழிலாளி. அப்பா யஷ்வந்த்பூர் மண்டியில் மூட்டை தூக்கியவர். இருவருக்கும் கையெழுத்துப் போட வராது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியிலும் மாலை வகுப்பிலுமாகப் படித்துக்கொண்டே இருந்தேன். "இன்னும் எவ்ளோதான்டி படிப்பே? புஸ்தகம்தான் தீந்து போவும்" என்பாள் அம்மா. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அங்கே பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளை முதன்முதலாகப் பார்த்தது ஸ்ரீராம்புரத்தில்தான்.

பள்ளி இங்கிலீஷ் மீடியம் என்று பெயர்ப்பலகையில் இருக்கும். உள்ளே தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் ஓடும். ஒரே வகுப்பில், வீட்டில் அண்ணன் சொல்லிக்கொடுத்து வாய்ப்பாடு வரை வந்துவிட்ட பிள்ளையும் இருக்கும், பென்சிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத பிள்ளையும் இருக்கும். கரும்பலகையில் நான் ஒன்று எழுதினால் பாதிப் பேருக்கு அது பழசு, மீதிப் பேருக்கு அது புரியாது. இரண்டு கூட்டமும் செய்யும் வேலை ஒன்றுதான், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவது.

அதனால் கரும்பலகையை விட்டேன். மாம்பழப் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து சுவரோரம் அடுக்கினேன். ஒன்றில் புளியங்கொட்டையும் எண் அட்டைகளும். ஒன்றில் எழுத்து அட்டைகள். ஒன்றில் நூலில் கோர்க்கும் மணிகள். ஒன்றில் படம் பார்த்துச் சொல்லும் கதைகள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெட்டியிலிருந்து தன் வேலையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். முடித்ததும் என்னிடம் காட்ட வேண்டும். நான் பார்த்து, அடுத்தது இது என்று சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான், அந்தப் பிள்ளையோடு மட்டும்தான் பேச்சு.

கேட்க அழகாக இருக்கிறது. முதல் வாரம் என் புடவை முந்தானை கிழிந்தது. ஒரு பிள்ளையோடு உட்கார்ந்தால் மற்றவர்கள் "மிஸ், மிஸ், முடிச்சிட்டேன் மிஸ்" என்று தோளில் ஏறுவார்கள். பிலோமினா மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்து, "பந்தியில இலைய புடிச்சி இழுக்கறாங்க போல" என்றார்.

வழி கிடைத்தது எங்கள் தெருக் குழாயடியில். எங்கள் பக்கம் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வருகிற நாளில் விடியும் முன்பே குழாயிலிருந்து தெருமுனை வரை குடங்கள் நிற்கும். ஆள் நிற்க மாட்டார்கள். குடத்தை வைத்துவிட்டுப் போய் இட்லி ஊற்றுவார்கள், பிள்ளைக்குத் தலை பின்னுவார்கள். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லையோ மூடியையோ வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் செங்கல்லும் குடம் போலத்தான், அதைத் தாண்டி யாரும் போக முடியாது. முறை வந்ததும் "யாருதுப்பா இது?" என்று ஒரு குரல், ஆள் ஓடிவரும். எத்தனையோ வருடம் அந்த வரிசையில் குடம் வைத்திருக்கிறேன். அன்றுதான் அதை டீச்சராகப் பார்த்தேன்.

மறுநாள் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னேன். நகப்பூச்சால் பெயர் எழுதினேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு போட்டேன். விதி இவ்வளவுதான். என்னிடம் காட்ட வேண்டுமென்றால் டம்ளரை வரிசைக் கடைசியில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கலாம், மணி கோர்க்கலாம், படம் பார்க்கலாம், சும்மாவும் இருக்கலாம். பொறுக்கவில்லை என்றால் எழுந்து வந்து தன் டம்ளரைப் பார்த்துவிட்டுப் போகலாம். பார்க்கலாம், கேட்கக் கூடாது. அடுத்தவர் டம்ளரைத் தொடக் கூடாது.

இதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள், குழாயடி தெரியும். முதலில் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள். "எனக்கு முன்னாடி அஞ்சு. இப்ப நாலு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கழித்தல் கணக்கைச் சிலர் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். போகப் போக வந்து பார்ப்பது குறைந்தது. என் தோள் காலியானது. காத்திருக்கச் சொல்லி யாரையும் அதட்டவில்லை. காத்திருப்பது எப்படி என்பதை அவரவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி பாட்டை முணுமுணுப்பாள். ஒருவன் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வான். அந்தந்தப் பிள்ளைக்கு அந்தந்த வழி.

பிலோமினா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மழையோ வெயிலோ கறுப்புக் குடை கையில் இருக்கும். இன்னொரு கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. அதன் மூடி கெட்டுப்போய் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். வகுப்புக்குள் வந்தால் எங்கள் நாற்காலியில் உட்கார மாட்டார். ஏதாவது ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் எங்களோடு பேசுவார். "டீச்சருங்கள பாக்கறதுக்குக் கண்ணாடி வேணாம்" என்பார். அவர் உள்ளே வந்தால் எந்த வேலையும் நின்றுவிடும், நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். கடுமையானவர், ஆனால் பொய் சொல்லாதவர். டம்ளர் வரிசையைப் பார்த்துவிட்டு, "சத்தம் கொறஞ்சிருக்கு. அது வரைக்கும் ஒத்துக்கறேன்" என்றார்.

மூன்றாவது ஆண்டு, தசரா விடுமுறை முடிந்த பிறகு மோனிஷா வந்தாள்.

செங்கம் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த குடும்பம். அப்பா கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவர். அம்மா ராஜாஜிநகர் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்பவர். மோனிஷாவுக்கு ஆறு வயது. கணக்கில் கெட்டி. புளியங்கொட்டைப் பெட்டியை அவள் இரண்டே நாளில் தாண்டிப் போனாள். ஆனால் டம்ளரை வரிசையில் வைக்க மாட்டாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பெஞ்சின் முன்பக்கத்தில் வைப்பாள். யாராவது "பின்னாடி வை" என்றால் அடி விழும். சில நாள் அமைதியாக இருப்பாள், சில நாள் வகுப்பையே கலக்குவாள். ஒரு நாள் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையோடு நான் பேசிக்கொண்டே இருந்தேன். மோனிஷா பெஞ்சுக்கு வந்து, கையை வீசி, வரிசை முழுவதையும் தள்ளிவிட்டாள். ஒரு எவர்சில்வர் டம்ளர் பறந்துபோய் அஃப்ரின் என்ற பெண்ணின் புருவத்தைக் கிழித்தது. தையல் போட வேண்டியதாயிற்று.

அஃப்ரினின் அப்பா மறுநாள் காலை அலுவலக அறைக்கு வந்தார். மெக்கானிக், கத்துகிறவர் இல்லை. "மேடம், புருவத்துல பட்டது, அல்லா காப்பாத்தினான். நாளைக்குக் கண்ணுல பட்டா யாரு ஜவாப் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு மேடம் கண்ணாடிக் கூட்டை மேசையில் வைத்தார். "ரேவதி, எவர்சில்வர் எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பு. பிளாஸ்டிக் டம்ளர் வெச்சுக்க. சங்கராந்தி லீவு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வழிக்கு வரலன்னா அவங்க அம்மாவ கூப்பிட்டு வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடுவேன்."

"ஆறு வயசுதான் மேடம்."

"மத்த பிள்ளைங்களுக்கும் ஆறு வயசுதான்."

வருடத்தின் நடுவில் ஸ்ரீராம்புரத்தில் எந்தப் பள்ளி அவளை எடுக்கும்? எடுக்காது. வீட்டில் பூட்டிவைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போவாள், அல்லது கூடவே அழைத்துக்கொண்டு போவாள். அடுக்குமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்தபடி வளர்ந்த பெண்களை எங்கள் தெருவில் எனக்குத் தெரியும். என் அம்மா என்னை அப்படி விடாததால்தான் நான் டீச்சர்.

படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். கோபம் வரும்போது மூச்சை இழுத்து மெதுவாக ஊதச் சொன்னேன். மோனிஷா கொஞ்சம் யோசித்தாள். "ஊதினா கோவம் போயிடுமா மிஸ்? அப்போ பலூன்காரருக்குக் கோவமே வராதா?" வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். மூலையில் பாய் விரித்து, மனசு சரியில்லாவிட்டால் அங்கே போய் உட்காரலாம் என்றேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் போட்டி போட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை. அடிக்காமல் இருந்தால் பாராட்டினேன். பாராட்டு ஒரு நாள் வேலை செய்தது, அடுத்த நாள் செய்யவில்லை. அதற்கடுத்த நாள் செய்தது.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். "ரேவா, நாளைக்குத் தண்ணி நாளு. சீக்கிரம் எழுந்துக்க."

கீரையைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று நாளைக்கு முன் தண்ணீர் வந்தது, அன்று மோனிஷா இருவரை அடித்தாள். மறுநாள் தண்ணீர் இல்லை, அவள் பூனைக்குட்டி மாதிரி இருந்தாள். நேற்று மறுபடி தண்ணீர் வந்தது, பெஞ்சை உதைத்தாள். இன்று தண்ணீர் இல்லை, யாரையும் தொடவில்லை. நினைவில் பின்னால் போகப் போக அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அடுத்த தண்ணீர் நாளில் எங்கள் வீட்டுக் குடங்களை அம்மாவிடம் விட்டுவிட்டு மோனிஷாவின் தெருவுக்குப் போனேன். அவள் அம்மா அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். குழாயடியில் மோனிஷா இருந்தாள். பள்ளிச் சீருடை போட்டு, தலை வாராமல். இடுப்பளவு உயரக் குடம் ஒன்றின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் குடங்கள் தனியாக நின்றன, அவள் குடத்துக்கு மட்டும்தான் காவல்.

நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண் வந்தார். "ஏ பாப்பா, பின்னாடி போ. எங்க வூட்டுக்கு இன்னும் ரெண்டு கொடம் பாக்கி."

"நான்தான் அக்கா முன்னாடி வெச்சேன்."

"வெச்சா? நேத்து வந்தவங்கல்லாம் முன்னாடி வெச்சா, இங்கியே பொறந்தவங்க நாங்க எங்க போறது?"

இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பழகிய சிரிப்பு. அந்தத் தெருவின் வழக்கம் அது. புதிதாகக் குடிவந்தவர்கள் பழைய வீடுகள் எல்லாம் பிடித்த பிறகுதான் பிடிக்க வேண்டும். குடம் எங்கே வைத்திருந்தாலும் பின்னால் நகரும். மோனிஷா குடத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். கத்தவில்லை, அடிக்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. மறுபடி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் முன்னால் போனேன். "அக்கா, அந்தக் கொழந்த முன்னாடி வெச்சத நான் பாத்தேன்."

"டீச்சரம்மா, ஸ்கூல்ல உங்க சட்டம். கொழாயில எங்க சட்டம்" என்றார் அந்தப் பெண். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில் சொன்னார்.

நான் நின்றதால் அன்று அவள் குடம் நிரம்பியது. நான் இல்லாத நாட்களில் அது பின்னால்தான் போனது. பாதிக் குடத்தில் தண்ணீர் நூலாகி நின்றுவிடும். குழாயடியின் சட்டத்தை என்னால் மாற்ற முடியவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

ஆனால் அன்று பள்ளிக்கு நடக்கும்போது ஒன்று தெளிவாகியிருந்தது. அந்தக் குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பொறுமை எங்கள் எல்லோரையும்விட அவளிடம் அதிகம் இருந்தது. அதையெல்லாம் குழாயடியில் செலவு செய்துவிட்டு வெறுங்கையோடு வகுப்புக்கு வந்தாள். அங்கே நான் இன்னொரு வரிசையைக் காட்டி, வைத்துவிட்டுப் போ, உன் இடம் இருக்கும் என்றேன். அவள் ஏன் நம்ப வேண்டும்? வைத்துவிட்டுப் போனால் இடம் போய்விடும் என்பதுதான் அவள் பார்த்த உலகம்.

"மோனிஷா, நீ டம்ளர வைக்க வேணாம்" என்றேன். "கையிலயே வெச்சுக்க. பெஞ்சு பக்கத்துல நில்லு. உன் எடத்துல நான் இத வெக்கறேன்." அவள் பார்க்க, வரிசையில் ஒரு டம்ளர் அளவு இடம் விட்டு ஒரு சாக்பீஸை நிறுத்தினேன். செங்கல்லுக்குப் பதில் சாக்பீஸ்.

அஃப்ரின் கையைத் தூக்கினாள். புருவத்தில் தையல் போட்ட காயம் இன்னும் ஆறவில்லை. "மிஸ், அவளுக்கு மட்டும் எதுக்கு வேற ரூல்ஸ்?"

"அவளுக்கு இப்ப அது தேவப்படுது. உனக்கும் வேணும்னா நீயும் வந்து நில்லு."

அஃப்ரின் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் கால் வலித்தது. "போர் அடிக்குது மிஸ்" என்று சொல்லிவிட்டு மணி கோர்க்கப் போய்விட்டாள். அத்தோடு கேள்வி முடிந்தது.

சாக்பீஸின் முறை வந்தபோது, "இது யாருது?" என்று குழாயடியில் கேட்பது போலவே கேட்டேன். "என்னுது" என்றாள் மோனிஷா. அவள் குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. அவளோடு உட்கார்ந்து அவள் கணக்கைப் பார்த்தேன். அன்று யாரையும் அடிக்கவில்லை. தண்ணீர் நாள்தான் அது.

கொஞ்ச நாள் அப்படியே நின்றாள். பிறகு ஒருநாள் டம்ளரை வரிசையில் வைத்தாள், ஆனால் விரலை அதன் விளிம்பிலிருந்து எடுக்கவில்லை. பிறகு விரலை எடுத்தாள், பெஞ்சை விட்டு நகரவில்லை. பிறகு தரையில் பதித்த கல் ஒன்று தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த நாள் இரண்டு கல். தண்ணீர் நாட்களில் மறுபடி பெஞ்சருகே வந்துவிடுவாள். நான் சாக்பீஸைத் தயாராக வைத்திருந்தேன். இடையில் எது வந்தாலும் வரிசையை மட்டும் உடைப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். வரிசை ஒருமுறை பொய் சொன்னால் போதும், அவள் மறுபடி முதல் நாளுக்குப் போய்விடுவாள்.

சங்கராந்தி லீவுக்கு முதல் நாள். தண்ணீர் நாளும்கூட. பெஞ்சில் டம்ளர்கள் நிறைய. என் முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், அடுத்த டம்ளர் மோனிஷாவினுடையது. அவள் தன் இடத்தில் மணிகளோடு உட்கார்ந்திருந்தாள், ஆனால் கண் பெஞ்சின் மேல். ஜன்னல் கம்பியில் குடைத் தட்டு. மேடம் உள்ளே வந்தார்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க" என்றவர் என்னைப் பார்த்தார். "ரேவதி, வெளிய வா. அந்தப் பொண்ணு விஷயமா பேசணும்."

மோனிஷா கையிலிருந்த மணிக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டாள். முழங்காலில் எழுந்து நின்றாள்.

நான் எழுந்தால் வரிசை உடையும். உடைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், மேடம் அதைக் கண்ணால் பார்ப்பார், பிறகு பேச எதுவும் இருக்காது. எழாவிட்டால், தலைமையாசிரியை கூப்பிட்டு ஒன்றாம் வகுப்பு டீச்சர் வரவில்லை என்று ஆகும். அந்தப் பள்ளியில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

"மேடம், எனக்கு முன்னாடி வரிசை இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இவன முடிச்சுட்டு மோனிஷா. அதுக்கப்புறம் இத்தன பேர். முடிச்சுட்டு வரேன்."

மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது அஃப்ரின் எழுந்து வந்து அவர் புடவையைத் தொட்டாள். "மேடம், நீங்களும் டம்ளர் வைங்க. அப்பதான் மிஸ் பேசுவாங்க."

"எங்கிட்ட ஏது டம்ளர்?"

"வேற எதனாச்சும் வைங்க. கல்லு வெச்சாலும் பரவால்ல."

மேடம் கையைப் பார்த்தார். ஒன்றில் குடை, ஒன்றில் கண்ணாடிக் கூடு. லிங்கராஜபுரத்திலும் குழாயடி உண்டு என்று நினைக்கிறேன். பெஞ்சின் கடைசிக்கு நடந்துபோய், கடைசி டம்ளருக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்ட அந்தக் கூட்டை நிமிர்த்தி வைத்தார். வைத்த பிறகு அங்கேயே நின்றார்.

நான் என் முன்னால் இருந்த பையனின் எழுத்தைப் பார்த்து முடித்தேன். பெஞ்சிலிருந்து அடுத்த டம்ளரை எடுத்தேன். "இது யாருது?"

மோனிஷா எழுந்து வந்தாள். ஓடவில்லை. என்னிடம் வரும் வழியில் மேடத்தின் பக்கத்தில் நின்றாள். கூட்டைப் பார்த்தாள், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காத மேடத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க மேடம். இங்க யாரும் பின்னாடி தள்ள மாட்டாங்க. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

பிலோமினா மேடம் வரிசையை விட்டு நகர்ந்தார். போய்ப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில், முழங்கால் முகவாய்க்கு வர, உட்கார்ந்தார். கண்ணாடி கூட்டுக்குள் இருந்ததால் எந்த நோட்டையும் எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை. வரிசை முழுதும் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் கூட்டை எடுத்து, "இது யாருது?" என்றேன். வகுப்பே சிரித்தது.

அவர் எழுந்து வந்து கூட்டை வாங்கினார். ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டினார், கண்ணாடியைப் போட்டார். முதன்முறையாக அந்தக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு டம்ளர்ல பேரு அழிஞ்சிருக்கு" என்றார். "லீவு முடிஞ்சு வந்ததும் புதுசா எழுதிக் குடு."

வேறு பள்ளி என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி, "ஆனா நாப்பது பாடம் எல்லாம் எனக்கு ஒத்து வராது. பந்தி பந்திதான்" என்றார். ஓய்வு பெறும்வரை அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மோனிஷா இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அவர்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவாள், பெரிய பெண்ணாகிவிட்டதால் மிஸ்ஸோடு நின்று பேசக் கூச்சம்.

ஷாலினிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். டேப்லெட் பிள்ளைக்கு ஏற்ற கணக்கைக் கொடுக்கும், உடனே சரியா தவறா என்றும் சொல்லும். நல்லதுதான், தாராளமாகப் பயன்படுத்து. ஆனால் அது யாரையும் காத்திருக்க வைப்பதில்லை. காத்திருந்தால் முறை வரும் என்று ஒரு பிள்ளை நம்ப வேண்டுமானால், அந்த முறையைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும். பெஞ்சை எடுத்துவிடாதே.

நான் இப்போது தொம்மலூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். டீச்சர்களாகப் போகிறவர்களுக்கு டீச்சர். அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ இனிமே படிக்க ஒண்ணும் பாக்கி இல்லியா?" என்று கேட்டாள். திங்கட்கிழமை முதல் வகுப்பு. மாணவிகள் எல்லோரையும் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தார்கள். "மேடம், காபி தராங்களா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தேன், பெஞ்சைக் காட்டினேன், விதியைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வந்து ஒவ்வொருவராக டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். கடைசி இருக்கையில் ஒரு பெண் வரவில்லை. டம்ளரை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வரிசையின் கடைசியில் அவளுக்காக ஒரு சாக்பீஸை நிறுத்தினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு, முதல் டம்ளரைக் கையில் எடுத்து, "இது யாருது?" என்று கேட்டேன்.